காரில் சிவப்பு பேட்டரி விளக்கு: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

மீட்டர் போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். பேட்டரி கெட்டுவிட்டது என்று அந்த விளக்கு சொல்வதில்லை. இந்தக் குழப்பத்தில்தான் பலர் முதல் வேலையாகப் புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் காலையில் புதுசும் படுத்துவிடும். பழுது, இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரிலோ, அதைச் சுற்றும் பெல்ட்டிலோ, நடுவில் ஓடும் ஒயரிலோ அப்படியே கிடக்கிறது. பல ஒர்க்ஷாப்களில் ஆல்டர்னேட்டரை இன்னும் டைனமோ என்றே சொல்வார்கள். அவர்கள் டைனமோ என்று சொல்வதும் இதைத்தான்.

பேட்டரிக் கடைக்குப் போவதற்கு முன் மல்டிமீட்டரில் இரண்டே அளவு எடுங்கள். பாதிப் பழுது அங்கேயே தெரிந்துவிடும்.

## முதலில் எடுக்க வேண்டிய இரண்டு அளவுகள்

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ் ஈயக் குமிழில், கறுப்பை மைனஸ் குமிழில் வையுங்கள். மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் வைக்கக் கூடாது. கிளாம்புக்கும் குமிழுக்கும் நடுவில்தான் பழுது ஒளிந்திருக்கும்.

இன்ஜின் ஆஃப். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் கதவு திறந்து விளக்கு எதுவும் போடுவதற்கு முன் எடுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசி. 11.8-க்குக் கீழே காலி. நல்ல சார்ஜரில் போட்ட பிறகும் 10.5-ஐ ஒட்டியே நின்றால் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது. அந்தப் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

இன்ஜின் ஓடும்போது. விளக்கு, ஏசி என்று கரண்ட் இழுக்கும் எந்த லோடும் இல்லாமல் 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். இன்ஜின் ஆஃபில் இருந்த அளவே இருந்தாலோ, பார்க்கப் பார்க்க இறங்கினாலோ சார்ஜ் துளியும் வரவில்லை. 13.2-க்குக் கீழே என்றால் வருகிறது, போதவில்லை. 15-ஐத் தாண்டினால் அதிகச் சார்ஜ்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சமீபத்திய பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரை இசியூ என்ற வண்டியின் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. பேட்டரி நிறைந்திருந்தால் வேண்டுமென்றே 12.8 அளவுக்கு இறக்கிவிடும், பிரேக் பிடிக்கும்போது 14.8 வரை ஏற்றும். அளவு குறைவாகத் தெரிந்தால் ஹெட்லைட்டையும் ஏசி புளோயரையும் முழு வேகத்தில் போட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். 14-ஐ நெருங்கினால் பழுது இல்லை.

விளக்கின் இயல்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆன ஓரிரு நொடியில் அணைய வேண்டும். அதற்குப் பிறகு ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும் நிலையில் நின்றாலும், ஏசி போட்டாலும் எட்டிப் பார்க்கக் கூடாது.

பானெட்டுக்குள் கை வைக்குமுன்: துப்பட்டா, சேலைத் தலைப்பு, தொங்கும் செயின் எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சாவி எடுத்த பிறகும் தானாகச் சுற்றலாம். ஹைபிரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடவே வேண்டாம். ஆல்டர்னேட்டரே செல்ஃப் மோட்டாராகவும் வேலை செய்யும் மைல்டு ஹைபிரிட் வண்டி என்றால் பெல்ட், டெர்மினல் வரைக்கும் பாருங்கள். அதற்கு மேல் கம்பெனி சர்வீஸ் சென்டரின் வேலை.

## ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கு எரிந்துவிட்டது

அளவு எடுப்பதெல்லாம் பிறகு. முதலில் இரண்டு விஷயம்: டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா? பானெட்டுக்குள் "பட்" என்று சத்தம் கேட்டதா, ஸ்டீரிங் திடீரென்று கனத்ததா?

ஆம் என்றால் பெல்ட் அறுந்திருக்கலாம். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. ஓரமாக நிறுத்தி இன்ஜினை உடனே அணையுங்கள். பானெட்டைத் திறந்து பாருங்கள். பெல்ட் இல்லையென்றாலோ, நார் நாராகப் பிரிந்து தொங்கினாலோ அங்கிருந்து வண்டியை எடுக்கக் கூடாது. இரண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போய்விடும். அந்தச் செலவில் பல பெல்ட் வாங்கலாம். டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

இல்லை என்றால் வண்டி இப்போது பேட்டரியில் இருப்பதை மட்டும் வைத்து ஓடுகிறது. எவ்வளவு தூரம் போகும்? சின்ன பெட்ரோல் காரில் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி இருக்கும். ஃபியூவல் பம்ப், இக்னிஷன், இசியூ, அவ்வப்போது சுற்றும் ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் சேர்ந்து பகலில் 10 முதல் 20 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் தோராயமாக அரை மணி முதல் ஒரு மணி நேரம். இரவில் இதை நம்ப வேண்டாம். 55 வாட் ஹெட்லைட் இரண்டு மட்டுமே 9 ஆம்பியர் தின்றுவிடும்.

ஏசி, மியூசிக் சிஸ்டம், போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணையுங்கள். பவர் விண்டோவை ஏற்றி இறக்க வேண்டாம். வழியில் டீ குடிக்க நிறுத்தி இன்ஜினை அணைக்கவே கூடாது. செல்ஃப் அடிக்க நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும், மறுபடி எடுக்காது. வோல்ட் இறங்க இறங்க ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டீரிங் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். அவை தனித்தனிப் பழுதுகள் இல்லை, வண்டி நிற்கப் போவதற்கான அறிவிப்பு. எலக்ட்ரிக் பவர் ஸ்டீரிங் கனத்துவிட்டால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை காத்திருக்காமல் இடது ஓரம் ஒதுங்குங்கள். நெடுஞ்சாலையில், நடுராத்திரியில், விளக்கு இல்லாமல் நடு லேனில் நிற்கும் வண்டியைவிட ஆபத்தானது வேறு இல்லை.

## இன்ஜின் ஓடுகிறது, விளக்கு அணையவே இல்லை

இன்ஜின் ஓடும்போது எடுத்த அளவு 12.6-க்குக் கீழே என்று வைத்துக்கொள்வோம். செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள்.

டெர்மினல். கிளாம்பைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். ஒரு நூல் அளவுகூட அசையக் கூடாது. தளர்ந்த கிளாம்பைக் கழற்றினால் ஈயக் குமிழைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் பளபளப்பும், மற்ற இடமெல்லாம் மங்கிய சாம்பல் நிறமுமாக இருக்கும். அந்தப் பளபளப்பான கீற்று வழியாக மட்டும்தான் மொத்தக் கரண்டும் போய்க்கொண்டிருந்தது. வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ உப்பு பூத்திருந்தால் அதையும் எடுக்க வேண்டும். 10-ம் நம்பர் ஸ்பேனரால் மைனஸை முதலில் கழற்றுங்கள், பிறகு பிளஸ். ஒரு சொம்பு வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா கலந்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும். செல் மூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள், சோடாத் தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது. துடைத்துக் காயவைத்து, குமிழையும் கிளாம்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில் என்று மாட்டுங்கள். இறுக்கிய பிறகு மேலாக வாசலின் பூசுங்கள். தளர்ந்த கிளாம்புக்குள் ஆணியோ தகரத் துண்டோ சொருகி இறுக்கும் பழக்கம் வேண்டாம். கிளாம்பையே மாற்றுவது சின்னச் செலவுதான்.

பெல்ட். இன்ஜினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். உள்பக்கம் வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிதல், கண்ணாடி போன்ற வழவழப்பு, ஆல்டர்னேட்டர் புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள், இவற்றில் எது இருந்தாலும் பெல்ட் வழுக்குகிறது. கையால் இறுக்கும் வகையாக இருந்தால் இரண்டு புல்லிக்கு நடுவிலான நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். 10 மி.மீ. அளவுக்கு அமுங்கலாம். அதற்கு மேல் போனால் தளர்வு. அதற்காகக் கம்பி போல இறுக்கிவிடாதீர்கள். ஆல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் போய்விடும். தானியங்கி டென்ஷனர் உள்ள வண்டியில் பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு, ஸ்பிரிங் தளர்ந்த டென்ஷனரை விட்டுவைத்தால் அதே பழுது திரும்பி வரும்.

பின்பக்கப் பிளக். ஆல்டர்னேட்டரின் பின்னால் இரண்டு முதல் நான்கு பின் உள்ள சின்னப் பிளக் ஒன்று சொருகியிருக்கும். மீட்டர் போர்டு விளக்குக்குப் போகும் ஒயரும், இக்னிஷன் சப்ளையும், சில வண்டிகளில் பேட்டரி அளவைப் பார்க்கும் ஒயரும் அதில் உண்டு. பூட்டு உடைந்து பாதி கழன்று நிற்பது சாதாரணம். எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டியைப் பல நாள் எடுக்காமல் நிறுத்தி வைக்கும் வீடுகளில் இந்தப் பழுதுக்கு எலிதான் பெரும்பாலும் காரணம். ஒயர் மேல் டேப் பிய்ந்து, செம்பு பளிச்சென்று தெரியும். முறுக்கி டேப் சுற்றினால் போதாது. சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போட வேண்டும்.

மெயின் ஃபியூஸ். ஆல்டர்னேட்டரின் பின்னால் நட்டு போட்ட தடித்த முனை ஒன்று இருக்கும், ரப்பர் மூடியோடு. அதுதான் பி பிளஸ். இன்ஜின் ஆஃபில் மீட்டரின் சிவப்பு முனையை அதிலும், கறுப்பைப் பேட்டரி மைனஸிலும் வையுங்கள். பேட்டரியில் உள்ள அதே வோல்ட் இங்கும் காட்ட வேண்டும். பூஜ்யம் என்றால் நடுவில் உள்ள 80 முதல் 120 ஆம்பியர் மெயின் ஃபியூஸ் எரிந்திருக்கிறது. பேட்டரி பிளஸ் கிளாம்பின் மேலேயோ, பானெட்டுக்குள் உள்ள ஃபியூஸ் பெட்டியிலோ போல்ட் போட்டு மாட்டியிருக்கும். ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது பிளஸ் மைனஸ் மாறியதற்குப் பிறகு சார்ஜ் வரவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பி பிளஸ் முனையில் எப்போதும் கரண்ட் இருக்கும். பேட்டரி மைனஸைக் கழற்றாமல் அங்கே ஸ்பேனர் போடாதீர்கள்.

கார்பன் பிரஷ், ரெகுலேட்டர். இதுவரை எல்லாம் சரி என்றால் கோளாறு ஆல்டர்னேட்டருக்குள். லட்சம் கிலோமீட்டரை நெருங்கிய வண்டியில் பிரஷ் தேய்ந்திருக்க நல்ல வாய்ப்பு. வெளியே எடுத்துப் பார்த்தால் புதுசில் விரல் நகம் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய கார்பன், பருப்பு அளவுக்குக் குட்டையாகி, ஸ்பிரிங் தள்ளினாலும் செம்பு வளையத்தைத் தொடாமல் நிற்கும். 5 மி.மீ.-க்குக் கீழே வந்ததைத் திரும்ப மாட்டாதீர்கள். பல ஆல்டர்னேட்டர்களில் பிரஷும், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் ஒரே துண்டாக, பின்பக்கம் இரண்டு மூன்று ஸ்குரூவில் மாட்டியிருக்கும். பிரஷ் சில நூறு ரூபாய் வேலை. முழு ஆல்டர்னேட்டர் பல ஆயிரம். கழற்றிப் பார்க்காமலே முழுசாக மாற்றச் சொன்னால், பிரஷை எடுத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

கிளச் புல்லி. பல டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டர் புல்லி ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். பெல்ட்டைக் கழற்றி, உள்ளே உள்ள ரோட்டர் சுற்றாமல் பிடித்துக்கொண்டு புல்லியைத் திருப்பினால் ஒரு திசையில் சுற்ற வேண்டும், மறு திசையில் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுற்றினால் பெல்ட் ஓடும், ஆல்டர்னேட்டர் ஓடாது. பெல்ட் நன்றாக இருக்கிறது, சார்ஜ் மட்டும் இல்லை என்று குழம்ப வைப்பது இதுதான்.

பிரஷ் கட்டத்துக்கு மேல் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய்விடுங்கள். மாறுதிசைக் கரண்ட்டை (ஏசி) நேர்திசைக் கரண்ட்டாக (டிசி) மாற்றும் டயோடு பிளேட், கரண்ட் உருவாகும் ஸ்டேட்டர் காயில், பேரிங் எல்லாம் ஆல்டர்னேட்டரைப் பிரித்து மேசையில் வைத்துப் பார்க்க வேண்டியவை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "வண்டி நிற்கவில்லை, டைனமோ ஓகே" என்று சொல்லும் சோதனை இன்னமும் தெருவுக்குத் தெரு நடக்கிறது. கார்புரேட்டர் காலத்தில் தப்பித்தது, இப்போது தப்பிக்காது. வோல்ட் எகிறுவதைத் தாங்கி அமுக்கிக்கொண்டிருப்பது பேட்டரிதான். அதைக் கழற்றிய நொடியில் வோல்ட் பல மடங்கு துள்ளி டயோடையோ, ரெகுலேட்டரையோ, இசியூவையோ பொசுக்கிவிடும். யாராவது ஸ்பேனரோடு வந்தால், முதலில் இன்ஜினை அணையுங்கள். மீட்டர் இல்லாத இடத்தில் சார்ஜிங் பழுது பார்க்கக் கொடுக்க வேண்டாம்.

## ஐடிலில் எரிகிறது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அணைகிறது

பெல்ட் வழுக்கல், தேய்ந்த பிரஷ், குறைந்த ஐடில் வேகம் என்ற வரிசையில் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் "கீச்" என்று கத்தி, கொஞ்ச நேரத்தில் விளக்கும் சத்தமும் சேர்ந்து அடங்கினால் அது பெல்ட்டேதான். சத்தமே இல்லாமல், குண்டு குழியில் ஏறும்போது மட்டும் விளக்கு மின்னினால் பிரஷ் அல்லது பிளக். ஐடில் 600 ஆர்பிஎம்-க்குக் கீழே தடுமாறினால் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்த பிறகு மறுபடி அளவு எடுங்கள்.

## ஏசி, ஹெட்லைட் போட்டால் மட்டும் விளக்கு எட்டிப் பார்க்கிறது

இன்ஜினை 2000 ஆர்பிஎம்-ல் ஒருவர் பிடிக்கட்டும். ஹை பீம், புளோயர் முழு வேகம், பின்கண்ணாடி ஹீட்டர் இருந்தால் அதுவும் ஆன். பேட்டரியில் 13.5 வோல்ட்டாவது நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் ஆல்டர்னேட்டர் போதுமான கரண்ட் கொடுக்கவில்லை, அல்லது கொடுப்பது வழியில் வீணாகிறது. எது என்று பிரிக்க, லோடு அப்படியே இருக்கும்போது:

1. சிவப்பு முனை ஆல்டர்னேட்டர் பி பிளஸில், கறுப்பு முனை பேட்டரி பிளஸ் குமிழில். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பிளஸ் கேபிள், அதன் லக், அல்லது மெயின் ஃபியூஸ் போல்ட்டில் தடை.
2. சிவப்பு முனை ஆல்டர்னேட்டர் உடம்பில், கறுப்பு முனை பேட்டரி மைனஸ் குமிழில். 0.2-க்கு மேல் என்றால் எர்த் ஒயர். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கும். போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகத் தேய்த்து மாட்டுங்கள்.

மீட்டர் முனைகள் ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் போகின்றன. கைக்கு எட்டாத இடத்தில் ஆல்டர்னேட்டர் இருந்தால் இந்தச் சோதனையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

இரண்டும் சரி, ஆனாலும் 13.5 நிற்கவில்லை என்றால் டயோடில் ஒன்றோ, ஸ்டேட்டரில் ஒரு சுற்றோ போயிருக்கிறது.

## விளக்கு மங்கலாக, இரவில் மட்டும் தெரியும் அளவுக்கு எரிகிறது

பகலில் பார்த்தால் தெரியாது. இரவில் மீட்டர் போர்டில் சிவப்பு மினுக்கம் தெரியும். வோல்ட் எடுத்தால் 13.6 என்று ஏறக்குறைய சரியாகவும் இருக்கும். டயோடு பிளேட்டின் அடையாளம் இது. முதலில் மேலே சொன்ன பி பிளஸ் தடையைச் சோதித்துவிட்டு டயோடுக்கு வாருங்கள்.

இன்ஜின் ஓடும்போது மீட்டரை, அலைக்கோடு போட்ட ஏசி (மாறுதிசைக் கரண்ட்) வோல்ட் நிலையில் வைத்துப் பேட்டரியில் அளவு எடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 0.5-ஐத் தாண்டினால் டயோடு போய்விட்டது. மலிவான மீட்டர்கள் இங்கே ஏமாற்றும். டிசியையும் சேர்த்து அளந்து 25, 30 என்று காட்டும். முனைகளை மாற்றிப் பிடித்தால் பூஜ்யம் காட்டும். அப்படிக் காட்டும் மீட்டரை இந்தச் சோதனைக்கு நம்பாதீர்கள்.

டயோடு ஷார்ட் ஆகியிருந்தால் இன்னொரு தடயமும் கிடைக்கும். ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் ஆல்டர்னேட்டர் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். இன்ஜின் குளிர்ந்து கிடக்க, அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் பேட்டரி இரவெல்லாம் அதன் வழியாகக் காலியாகிக்கொண்டிருந்தது. சரி செய்யும்வரை நிறுத்தும் ஒவ்வொரு இரவும் மைனஸைக் கழற்றி வையுங்கள். இது வீட்டில் செய்யும் வேலை இல்லை. டயோடு பிளேட்டைச் சால்டர் பிரித்து மாற்ற வேண்டும்.

## சாவி ஆன் செய்தால் விளக்கே எரிவதில்லை

விளக்கு எரியாதது நல்லது என்று விட்டுவிடாதீர்கள். பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டரைத் தட்டி எழுப்பும் முதல் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போனாலோ, ஒயர் அறுந்தாலோ, உள்ளே பிரஷ் முழுக்கத் தேய்ந்தாலோ விளக்கு எரியாது, சார்ஜும் தொடங்காது. சில வண்டிகளில் ஒருமுறை நன்றாக ரெய்ஸ் செய்த பிறகு தொடங்கும்.

ஆல்டர்னேட்டர் பின்பக்கப் பிளக்கைக் கழற்றி, விளக்கு ஒயர் முனையை ஒரு சின்னத் துண்டு ஒயரால் பாடியில் தொட வையுங்கள், சாவி ஆனில் இருக்கட்டும். விளக்கு எரிந்தால் பல்பும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு ஆல்டர்னேட்டரில். எரியாவிட்டால் பல்பு, மீட்டர் போர்டின் ஃபியூஸ், ஒயர் என்று தேடுங்கள். எந்த பின் எது என்று உறுதியாகத் தெரியாமல் இதைச் செய்யக் கூடாது. தவறான பின்னைத் தொட்டால் ஃபியூஸ் போகும். இசியூ கட்டுப்படுத்தும் புது வண்டிகளில் இந்தச் சோதனையே வேண்டாம், ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போங்கள்.

## விளக்கு எரிவதில்லை, ஆனால் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை

சார்ஜ் 14-ஐச் சுற்றிச் சரியாக வருகிறது, விளக்கும் ஒழுங்காக அணைகிறது என்றால் இப்போதுதான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். அதன் மேல் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் மூன்று முதல் ஐந்து வருடம் உழைத்தாலே நல்ல ஆயுள். பேட்டரிக்குக் குளிரைவிட வெப்பம்தான் எதிரி, தண்ணீர் வற்றி உள்தகடு அரித்துப்போகிறது. மூடி திறக்கும் பேட்டரியில் தகடு மூழ்கும்படி டிஸ்டில்ட் வாட்டர் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரும், கேனில் வரும் குடிநீரும் ஊற்றக் கூடாது.

செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைப் பாருங்கள். 12.6 இருந்தது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலமிழந்துவிட்டது. 11 நிற்கிறது, ஆனாலும் செல்ஃப் "டிக்" என்று மட்டும் சொல்கிறது என்றால் கோளாறு டெர்மினலிலோ செல்ஃப் மோட்டாரிலோ. தினமும் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் எதுவும் பழுதில்லாமலே பேட்டரி தேயும், செல்ஃப் எடுத்த சார்ஜ் திரும்பி ஏறுவதற்குள் வீடு வந்துவிடுகிறது. அதற்கு வாரம் ஒருமுறை முக்கால் மணி நேர ஓட்டம்தான் மருந்து.

பேட்டரி புதுசாக இருந்தும் இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் படுத்துவிடுகிறது என்றால் எங்கோ கரண்ட் கசிகிறது. மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நிலையையும் 10 ஆம்பியருக்குத் திருப்புங்கள். பானெட் கொக்கியை ஸ்குரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, கதவுகளைப் பூட்டுங்கள். பேட்டரி மைனஸைக் கழற்றி, குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவில் மீட்டரைக் கோத்து அரை மணி நேரம் விடுங்கள். இசியூக்கள் தூங்கப்போக அந்த நேரம் வேண்டும். 50 மில்லிஆம்பியருக்குள் இறங்கினால் இயல்பு. 300 நின்றால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-அவர் போகிறது, 35 பேட்டரி மூன்றாம் நாள் செல்ஃப் எடுக்காது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதில் அளவு விழுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பின்னால் வாங்கி மாட்டிய பொருளில் போய் முடியும்: மியூசிக் சிஸ்டம், ஜிபிஎஸ் டிராக்கர், டேஷ்கேம், அலாரம். டிக்கி விளக்கு அணையாமல் இருப்பதும் உண்டு. மீட்டர் கோத்திருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் ஃபியூஸ் எரிந்துவிடும்.

அவசரத்துக்கு ஜம்பர் கேபிள் மாட்டும் வரிசை: படுத்த பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசி முனை படுத்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். பேட்டரிக்குப் பக்கத்தில் கடைசிப் பொறி பறக்கக் கூடாது, அங்கே ஹைட்ரஜன் இருக்கும். கழற்றும்போது இதே வரிசை தலைகீழாக. முழுக்கக் காலியான பேட்டரியை ஆல்டர்னேட்டரை வைத்தே நிரப்ப நினைக்காதீர்கள், அது சூடேறிக் கெடும். 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு வெளிச் சார்ஜரில் 3.5 ஆம்பியர் வைத்து ஏற்றுங்கள்.

புதுசு வாங்கும்போது பழையதின் மேல் உள்ள குறியீட்டை அப்படியே பார்த்து வாங்குங்கள். 38பி20எல் என்பதில் கடைசி எழுத்து எந்தப் பக்கம் எந்த முனை என்பதைச் சொல்கிறது. எல்லுக்குப் பதில் ஆர் வாங்கினால் கேபிள் எட்டாது. சிக்னலில் தானே அணைந்து எழும் வண்டிக்கு, அதற்கென்றே தயாரிக்கும் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைப் பேட்டரியே வேண்டும்.

## பேட்டரி கொதிக்கிறது, பல்புகள் அடிக்கடி போகின்றன

அழுகிய முட்டை நாற்றம், பேட்டரி பக்கவாட்டில் உப்பல், வாரத்துக்கொருமுறை தண்ணீர் குறைதல், மீட்டரில் 15-க்கு மேல். விளக்கு எரியவே எரியாமல் இது நடக்கலாம். முதலில் பின்பக்கப் பிளக்கில் பேட்டரி அளவைப் பார்க்கும் ஒயர் அறுந்திருக்கிறதா, எர்த் சரியா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் ரெகுலேட்டர். 15.5-ஐத் தாண்டினால் வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்ஷாப் தேட வேண்டாம். ஆள் வரட்டும். உப்பிய பேட்டரி அருகே பீடி, சிகரெட், தீப்பெட்டி எதுவும் கூடாது.

## மழைத் தண்ணீரில் ஓட்டிய பிறகு

தண்ணீர் தெறித்து பெல்ட் வழுக்கி விளக்கு எரிந்தால், பெல்ட் காய்ந்ததும் அணைந்துவிடும். கவலை இல்லை. ஒரு வாரம் கழித்து விளக்கு எரியத் தொடங்கி, "கரகர" சத்தமும் வந்தால் ஆல்டர்னேட்டருக்குள் சேறு போய் வளையமும் பேரிங்கும் துருப்பிடித்திருக்கின்றன. திறந்து கழுவிப் பேரிங் மாற்ற வேண்டும். 2015, 2023 டிசம்பர்களில் சென்னையில் நின்றது போல வண்டியே முழுகியிருந்தால் சாவியைத் தொடாதீர்கள். மைனஸைக் கழற்றிவிட்டு டோ செய்யுங்கள்.

## எலக்ட்ரீஷியனிடம் கொடுக்கும்போது

நீங்கள் எடுத்த அளவுகளைத் தேதியோடு ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள்: ஆஃபில் எவ்வளவு, ஐடிலில் எவ்வளவு, லோடில் எவ்வளவு. ஆல்டர்னேட்டர் உடம்பில் லூகாஸ் டிவிஎஸ், டென்சோ, வேலியோ என்று தயாரிப்பாளர் பெயரும், பாக எண்ணும், ஆம்பியர் அளவும் ஒட்டியிருக்கும். கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உதிரி வாங்க அந்த எண்தான் வேண்டும். 70 ஆம்பியர் இருந்த இடத்தில் 55 மாட்டினால் ஏசி போட்டதும் பழைய கதை திரும்பும். சென்னையில் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் பழைய ஆல்டர்னேட்டர் வாங்குவதாக இருந்தால் கடையிலேயே மேசையில் சுற்றிக் காட்டச் சொல்லி, லோடு போட்டு 14 வோல்ட் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பழைய பிரஷையும் டயோடு பிளேட்டையும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வண்டியை எடுக்கும் முன் ஹெட்லைட்டும் புளோயரும் போட்டு, 2000 ஆர்பிஎம்-ல் மீட்டரை நீங்களே ஒருமுறை வைத்துப் பாருங்கள்.